ரிச்சி தெருவில் நடுக்கம் தீர்ந்தது

"அண்ணே, உடனே புறப்பட்டு வா. மூன்று மாதமாக நடுக்கம் நிற்கவே இல்லை. பயல் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்!"

திருபுவனத்திலிருந்து என் தங்கை டெலிபோனில் இப்படிச் சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

"டாக்டரிடம் காட்டினாயா?" என்றேன்.

"டாக்டர் என்னத்துக்கு? மெட்ராஸுக்குக் கொண்டு போகணுமாம். ரிச்சி தெருவாம்."

கும்பகோணத்தில் பஸ் ஏறித் திருபுவனம் போய்ச் சேர்ந்த பிறகுதான், நடுக்கம் மருமகப் பிள்ளைக்கு இல்லை, அவனுடைய கம்ப்யூட்டருக்கு என்று விளங்கியது.

திருபுவனம் என்றால் பட்டுப் புடவை. அதற்கு அடுத்தபடி, மூன்றாம் குலோத்துங்க சோழன் கட்டிய கம்பஹரேசுவரர் கோயில். கம்பம் என்றால் நடுக்கம். அதைத் தீர்த்து வைக்கிறவர் அந்த ஸ்வாமி. என் தங்கை ஏற்கெனவே அங்கே ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தாள். "ஸ்வாமி எந்த நடுக்கம் என்று பார்த்தா தீர்ப்பார்?" என்பது அவள் கட்சி.

அவள் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் இராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றிக் கொண்டிருந்தாள். நாடாவுக்குள் போகும் ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதற்குத்தான் தார் சுற்றுவது என்று பெயர். அவளுக்கும் வயதாகிறது, மணிக்கட்டில் வலி. கையில் இருந்த தார் தீர்ந்ததும் மைத்துனர் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். அடுத்த தார் வந்த பிறகு மறுபடி தறி ஓடியது. அந்தச் சமயத்தில் அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மருமகன் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். அவன் ஆடுவது 'கௌண்டர் ஸ்டிரைக் 2' என்ற ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். கண் மூடித் திறப்பதற்குள் சுட்டுவிட வேண்டும். இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்காதீர்கள். 2023-இல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்குப் பதக்கமே கொடுத்திருக்கிறார்கள். பையனுக்கும் அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையே ஒரு போட்டி இருந்தது.

அவனிடம் இருந்த சாமான்கள் சாமானியமானவை அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா 'ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4070' என்ற கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சம்பாதித்த பணத்தில் அவனே 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தான். புராஸஸர் மட்டும் பழசு; 2018-இல் வந்த 'ரைசன் 5 2600'. யாரோ உபயோகித்ததை வாங்கியது.

இவ்வளவு இருந்தும் ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. எதிரி மூலையிலிருந்து பாயும் சமயம் பார்த்துப் படம் ஒரு துடி துடிக்கும். மறு கணம் பையன் பரலோகத்தில்! ஒரு கடைக்காரரிடம் டெலிபோனில் விசாரித்தானாம். "கார்டு போதாது தம்பி, இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய கார்டாகப் போடுங்கள். மீதியைத் தவணையில் கட்டலாம்" என்று அவர் சொல்லிவிட்டார்.

தங்கை சீட்டுப் பணம் 45,000 ரூபாயை முடிந்து வைத்திருந்தாள். அதை என் கையில் வைத்து, "இதற்கு மேல் என்னிடம் காலணா கிடையாது. கடன் மட்டும் வேண்டாம் அண்ணே. தறி கூலி உனக்குத் தெரியாததா?" என்றாள். மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது என்னவோ செய்தது.

உழவன் எக்ஸ்பிரஸில் ஒரு விக்கிரகம்

மறு நாள் ராத்திரி கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய ஜமக்காளத்தில் சுற்றி, மருமகன் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டான். எதிர் ஸீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "விக்கிரகமா? பிரதிஷ்டை எந்த ஊரில்?" என்று கேட்டார். "சிந்தாதிரிப்பேட்டையில்" என்றேன் நான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு காலை மடக்கிக்கொண்டார். எங்களுக்கும் நல்ல இடம் கிடைத்தது.

விடியற்காலை எழும்பூரில் இறங்கினோம். ரிச்சி தெரு பத்து மணிக்கு மேல்தான் கண் விழிக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் பெரும்பாலான கடைகள் கண்ணையே திறக்காது. காப்பி, டிபனை முடித்துக்கொண்டு கூவத்தைத் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழைந்தோம். கூவம் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் பேட்டை அது. காற்று எப்படி வீசும் என்பதை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"இந்தப் பேட்டைக்கும் உங்கள் வீட்டுக்கும் சொந்தம் உண்டு, தெரியுமா?" என்றேன் மருமகனிடம். 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக உண்டான ஊர் இது. சின்னத் தறிப்பேட்டை என்ற பெயர்தான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். கம்பெனிக்காரர்கள் நெய்கிறவர்களை மட்டும் அழைக்கவில்லை. நூற்பவர்களையும் சாயம் ஏற்றுபவர்களையும் சேர்த்தே அழைத்தார்கள். தறி மட்டும் இருந்தால் துணி வருமா?

மருமகன் தலையை ஆட்டினான். அவன் நினைவெல்லாம் ஜமக்காளத்துக்குள் இருந்தது.

இருபத்து நாலும் இருநூற்று நாற்பதும்

மவுண்ட் ரோடுக்கு வந்தோம். அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் என் வாய்க்கு இன்னும் மவுண்ட் ரோடுதான். ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் பிளாக்கர்ஸ் ரோடு இருக்கிறது. அங்கேதான் 1914-இல் ரகுபதி வெங்கையா 'கெயிட்டி' என்ற சினிமாக் கொட்டகையைக் கட்டினார். அந்தக் கொட்டகை இன்று இல்லை.

அந்த இடத்தைத் தாண்டும்போது மருமகன் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"மாமா, சினிமாவில் செகண்டுக்கு எத்தனை படம் ஓடும்?"

"பேசும் படம் வந்த பிறகு 24 என்று நிலைத்துவிட்டது."

"என் மானிட்டர் செகண்டுக்கு 240 படம் காட்டும். பத்து மடங்கு!"

"எதற்கப்பா அத்தனை?"

அவன் நடைபாதையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பாடம் நடத்தினான். சினிமாவை நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆட்டத்தில் நம் கை அசைந்ததும் படமும் அசைய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி சுமார் 16.7 மில்லி செகண்டு. அதாவது ஒரு செகண்டை ஆயிரம் கூறு போட்டால் அதில் பதினாறே முக்கால் கூறு. 144 ஹெர்ட்ஸில் அது 7-க்கு இறங்கும். 240-இல் 4 கூறு சொச்சம். எதிரி தலை நீட்டுவது அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்கு வந்து சேரும்.

நான் பழைய பள்ளிக்கூட வாத்தியார். கணக்கு என்றால் சும்மா விடுவேனா? "60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 கூறு லாபம். 144-லிருந்து 240-க்குப் போனால் மூன்று கூறுகூட இல்லை. அதற்கு மேல் 360-க்குப் போனால் ஒன்றரைக்கும் கீழே. விலை ஏற ஏற லாபம் தேய்கிறதே?" என்றேன்.

"அதெல்லாம் சரி மாமா. எனக்கு 240 படமும் வந்தால் அல்லவா லாப நஷ்டம் பேசுவதற்கு? மானிட்டர் காட்டத் தயாராக இருக்கிறது. பெட்டி கொடுப்பது 110. சில சமயம் 50!"

அவன் குரல் கம்மியிருந்தது. நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தெருவுக்குள்ளே

ரிச்சி தெருவை ஒரு தெரு என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று அக்கம் பக்கமெல்லாம் சேர்ந்ததுதான் ரிச்சி தெரு. நான் முதன் முதலில் இங்கே வந்தது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு உயிர் கொடுப்பதற்காக. இப்போது ஒயர், சார்ஜர், காமிரா, செல்போன் உறை, பழைய லாப்டாப், புதிய லாப்டாப், பாதி லாப்டாப் எல்லாம் கூடை கூடையாகக் கிடக்கின்றன. மோட்டார் ஸைக்கிள்களுக்கு நடுவே மனிதர்கள் நடக்கிறார்கள். தலைக்கு மேலே பெட்டிகளைச் சுமந்துகொண்டு, "வழி, வழி!" என்று ஆட்கள் ஓடுகிறார்கள். எங்களைப் பார்த்தவர்களெல்லாம், "என்ன ஸார் வேணும்? ரேம்? எஸ்.எஸ்.டி? மானிட்டர்?" என்று கையைப் பிடிக்காத குறைதான்.

முதலில் ஏறியது கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடை. அங்கே இருந்த இளைஞர் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நடுக்கமா? கார்டை மாத்துங்க ஸார். 45,000 கையிலே கட்டுங்க, மீதி பன்னிரண்டு தவணை" என்றார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மைத்துனரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "யோசித்து வருகிறோம்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இரண்டாவது இடம் ஒரு சந்தில், செங்குத்தான மாடிப்படிக்கு மேலே. பலகைகூடக் கிடையாது. அறைக்குள் ஒரு நீள மேஜை, அதன் மேல் வயிறு திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள், நடுவே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு பாய். வயது என்னைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம்.

"என்ன வாங்கணும்னு அப்புறம் சொல்லுங்க. முதல்லே என்ன ஆட்டம், எத்தனை புள்ளியிலே படம், எத்தனை பிரேம் வேணும்? இந்த மூணையும் சொல்லு தம்பி" என்றார்.

எனக்கு உடனே நம்பிக்கை பிறந்தது. நாடியைப் பிடித்த பிறகுதானே மருந்து?

பாயின் பரீட்சை

பெட்டியை ஒரு மானிட்டரில் பூட்டி ஆட்டத்தை ஓடவிட்டார். மூலையில் எண்கள் தெரிந்தன. சராசரி 110 பிரேம். கார்டின் உழைப்பு நூற்றுக்கு 45.

"பார்த்தீங்களா ஸார், சிங்கப்பூர்க் கார்டு பாதி நேரம் கொட்டாவி விடுது" என்றார் பாய். "இதைவிடப் பெரிய கார்டு போட்டா, அது இன்னும் பெரிசா கொட்டாவி விடும். அவ்வளவுதான்!"

அடுத்து ஒரு வேடிக்கை செய்தார். படத்தின் புள்ளிக் கணக்கை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720-ஆகக் குறைத்தார். பெருக்கிப் பாருங்கள். முன்னதில் இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். பின்னதில் ஒன்பது லட்சத்துச் சொச்சம். கார்டுக்கு வேலை பாதிக்குக் கீழே போய்விட்டது. பிரேம் ஏறியிருக்க வேண்டாமா? 112-இல் நின்றது.

"குற்றவாளி யாரு? சொல்லு தம்பி."

"புராஸஸரா?" என்றான் மருமகன், நம்பிக்கை இல்லாமல். "ஆனால் பாய், நான் பார்த்தேனே. புராஸஸரின் உழைப்பு 35 சதவிகிதம்தான் காட்டுகிறது!"

பாய் சிரித்தார். "ஒரு வீட்டிலே ஆறு பேர். சமைக்கிறது ஒருத்தி. அவ அடுப்படியிலே வெந்து சாகிறா. மத்த அஞ்சு பேரும் திண்ணையிலே. சராசரி எடுத்தா வீட்டிலே வேலையே இல்லைன்னுதான் கணக்கு வரும். உன் புராஸஸருக்கு ஆறு கோர். ஆட்டத்தோட முக்கிய வேலை அதிலே ஒண்ணு ரெண்டு கோர் மேலேதான் விழுது."

பிறகு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் உழைப்பது புராஸஸர். மவுஸ் எங்கே நகர்ந்தது, பத்து ஆட்டக்காரர்களும் எங்கே நிற்கிறார்கள், குண்டு எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, "இன்னின்னதை இங்கிங்கே வரை" என்று கார்டுக்கு உத்தரவு எழுதி அனுப்புவது அது. கார்டு அந்த உத்தரவுப்படி இருபது லட்சம் புள்ளிகளுக்கும் வர்ணம் தீட்டுகிறது. 240 படம் வேண்டுமானால் இரண்டு பேருமே தங்கள் தங்கள் வேலையை நாலு கூறு சொச்சத்துக்குள் முடிக்க வேண்டும். ஒருத்தர் இரண்டு கூறிலும் மற்றவர் ஒன்பது கூறிலும் முடித்தால், படம் ஒன்பது கூறுக்கு ஒன்றாகத்தான் வரும்.

புள்ளி கூடினால் கார்டுக்குத்தான் பாரம். புராஸஸருக்கு ஏறக்குறைய அதே வேலைதான். பிரேம் கூடினாலோ இருவருக்கும் பாரம். ஆகையால் குறைந்த புள்ளியில் மின்னல் வேகம் கேட்கிற ஆட்டத்தில் புராஸஸர் முதலில் மூச்சு வாங்குகிறது. 'சைபர்பங்க் 2077' மாதிரி கண்ணுக்கு விருந்தான ஆட்டத்தை எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுள்ள 4கே திரையில் ஓட்டினால் கதை தலைகீழ். அங்கே கார்டு மூச்சு வாங்கும், பழைய புராஸஸர்கூட ஓரளவு ஈடு கொடுக்கும். இதே ஜோடி ஓர் ஆட்டத்துக்குப் பொருத்தம், இன்னோர் ஆட்டத்துக்குப் பொருத்தமில்லை. எத்தனை பிரேம் வேண்டும் என்பதைப் பார்த்துப் புராஸஸரையும், அத்தனை பிரேமை எத்தனை புள்ளியில் வரைய வேண்டும் என்பதைப் பார்த்துக் கார்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாதகம் பார்ப்பதென்றால் இப்படித்தான்.

மருமகன் திடீரென்று, "அம்மாவும் அப்பாவும் மாதிரி!" என்றான்.

"என்ன?" என்றார் பாய்.

"அம்மா தார் சுற்றித் தந்தால்தான் அப்பா நெய்ய முடியும். தார் வராவிட்டால் எவ்வளவு நல்ல தறியாக இருந்தும் சும்மாதான் நிற்கும். இத்தனை நாள் நான் தறியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்!"

பாய்க்கு நெசவு தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "சரியாச் சொன்னே" என்றார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடியில் என்னவோ தூசி.

முதலில் செலவில்லாத வைத்தியம்

"பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டைப் பெருக்கணும்" என்று பாய் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மானிட்டர் 240-இல் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். வைத்திருந்தான். கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா என்று கேட்டார். "அதெல்லாம் முதலிலேயே பார்த்துவிட்டேன் பாய்" என்றான் மருமகன் ரோஷத்துடன். "கோபிக்காதே. கேபிளை மதர்போர்டிலே செருகிட்டு, கார்டு வேலை செய்யலைன்னு அழுதுகிட்டு வந்தவங்க இந்த நாற்காலியிலே நிறையப் பேர்" என்றார் அவர்.

பெட்டியைத் திறந்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினார். மெமரி ஒற்றைக் குச்சியாக நின்றது. பெட்டியைச் சேர்த்துக் கொடுத்தவர், "இன்னொன்று அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்றாராம். மெமரி ஜோடியாக இருந்தால் புராஸஸருக்குச் சாமான் வருகிற பாதை இரண்டாகும். ஒற்றையாக இருந்தால் ஒரே பாதை. போதாக்குறைக்கு 3200 வேகத்துக்கான மெமரி 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு வரியை யாரும் திருப்பி வைக்கவில்லை.

அதே ரகத்தில் இன்னொரு குச்சியைப் பொருத்தி, இரண்டாவது நாலாவது துளைகளில் இரண்டையும் நிறுத்தி, அந்த வரியையும் திருப்பினார். 110 இருந்தது 135 ஆயிற்று. அடிமட்டத்தில் 50 வரை விழுந்தது 70-இல் நின்றது.

"சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதே. முழங்கால் ஆழம்னு சராசரி சொல்லும். ஆள் நடுவிலே முழுகிப் போவான். நடுக்கம் தெரியறது இந்த அடிமட்ட எண்ணிலேதான்" என்றார் பாய்.

மின்சாரம் போனால்?

புராஸஸரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அதிருஷ்டவசமாக, பழைய மதர்போர்டின் ஏ.எம்.4 என்ற அதே பீடத்தில் 2022-இல் வந்த 'ரைசன் 5 5600' உட்காரும். போர்டும் மெமரியும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மருமகன் '5800எக்ஸ்3டி' பற்றிக் கேட்டான். அதுவும் 2022-இல் வந்ததுதான். சில்லின் மேல் இன்னொரு மெமரி அடுக்கை ஏற்றி, 5600-இல் 32 எம்.பி.யாக இருக்கும் கேஷை அதில் 96 எம்.பி. ஆக்கியிருக்கிறார்கள். சமைக்கிறவள் எழுந்து போகாமல் எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல. ஆட்டங்களுக்கு அது உத்தமம் என்று பாயே ஒப்புக்கொண்டார். "ஆனா இப்ப எங்கிட்டே பழசு ஒண்ணுதான் இருக்கு. உத்தரவாதம் கிடையாது. அம்மா சீட்டுப் பணத்திலே நான் அதை உனக்கு விற்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். விற்க வந்த மனிதர் விற்க மாட்டேன் என்று சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இனித்தான் ஆபத்தான கட்டம். புதிய புராஸஸரைப் பழைய போர்டு அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமானால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சில நிமிஷத்துக்குள் மின்சாரம் போய்விட்டால் போர்டு பிரேதம்! பாய் யு.பி.எஸ்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பித்தானை அழுத்தினார். திரையில் 10, 20, 30 என்று சதவிகிதம் நகர்ந்தது. 60-இல் மின்விசிறி திடீரென்று நின்றது. விளக்கு அணைந்தது. யு.பி.எஸ். 'கீ கீ' என்று கத்தத் தொடங்கியது. மருமகன் என் கையை இறுகப் பிடித்தான். நான் கம்பஹரேசுவரரை நினைத்துக்கொண்டேன். இப்போது நடுக்கம் எனக்கு!

70... 80... 90... 100. மின்விசிறி மறுபடி சுழன்றது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "டீ சொல்லட்டுமா ஸார்?" என்றார்.

டீ குடித்தபின், பழைய புராஸஸரை எடுத்ததும் ஒரு கலைதான். அதன் அடியில் 1,331 ஊசிக் கால்கள். குளிர்விப்பானை வெடுக்கென்று இழுத்தால், காய்ந்த பசையோடு புராஸஸரும் பிய்த்துக்கொண்டு வந்து கால்கள் வளைந்து போகும். பாய் கொஞ்ச நேரம் ஆட்டத்தை ஓடவிட்டுப் பசை இளகிய பிறகு மின்சாரத்தை நிறுத்தினார். குளிர்விப்பானை இப்படியும் அப்படியும் திருகி மெல்லத் தூக்கினார். புதியதை உட்கார வைத்து, சந்தனம் வைப்பது போல ஒரு பொட்டுப் பசை வைத்தார்.

ஆட்டம் ஓடியது. சராசரி 236. அடிமட்டம் 128. கார்டின் உழைப்பு 70-ஐத் தாண்டியது.

"240 தொடவில்லையே?" என்றேன் நான், கணக்கு வாத்தியார் புத்தி போகாமல்.

"மானிட்டருக்கும் கார்டுக்கும் தாளம் சேர்த்து வெச்சிருக்கேன். படம் வர்ற வரைக்கும் மானிட்டர் காத்திருக்கும். நாலு பிரேம் குறைஞ்சது கண்ணுக்குத் தெரியாது. கார்டிலே இன்னும் தெம்பு பாக்கி இருக்கு. தம்பி, படத்தோட அழகைக் கொஞ்சம் ஏத்திக்க. வேகம் அநேகமா குறையாது" என்றார் பாய்.

மருமகன் பேசவில்லை. மவுஸை இடமும் வலமும் அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

மீதிப் பணம்

புராஸஸர், மெமரி, கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து, பழைய புராஸஸருக்குக் கழித்தது போக, 19,400 ரூபாய் ஆயிற்று. மீதி 25,600 என் சட்டைப் பையில் இருந்தது.

படி இறங்கி நரசிங்கபுரம் தெருப் பக்கம் வரும்போது மருமகன் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டான். அங்கே சின்னச் சின்ன மோட்டார்கள் அடுக்கியிருந்தன.

"மாமா, அம்மா இராட்டைக்கு ஒரு மோட்டார் போட்டால் என்ன? காலால் மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். நானே மாட்டிக் கொடுக்கிறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எடுத்து நீட்டினேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகையும் சேர்த்து வாங்கினான். பட்டு இழை அறுந்துவிடக் கூடாதே! ராத்திரி ரயிலில் அவன் மடியில் ஒன்றும், என் மடியில் ஒன்றுமாக இரண்டு விக்கிரகங்கள் திருபுவனத்துக்குத் திரும்பின. அடுத்த தவணைக் கல்லூரிக் கட்டணம் போகவும் கொஞ்சம் பணம் தங்கை கைக்குத் திரும்பி வந்தது. "நடுக்கம் தீர்ந்ததா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். தீர்ந்தது என்றோம். "பார்த்தாயா, அர்ச்சனை வீண் போகவில்லை!" என்றாள்.

போட்டியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரை இறுதி ஆட்டத்தில் தோற்றுப் போனான். "மெஷினில் இப்போது ஒரு கோளாறும் இல்லை மாமா. குறை சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை" என்று டெலிபோனில் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் பேசும்போது பின்னால் இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று மோட்டார் இராட்டையின் 'கிர்ர்'. இன்னொன்று தறி. நெடு நேரம் பேசினோம். தறி ஒரு தடவைகூட நிற்கவில்லை.